நாய் சாக்லேட் தின்னுடுச்சா? அறிகுறி வரும்வரை காத்திருக்காதீங்க

(குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றின் செல்லப்பிராணி விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கத்தை விட்டுட்டு வந்திருக்கீங்க, அதுக்கே முதலில் நன்றி. பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் தங்கள் நாயையும் கூட்டிட்டு வந்திருக்காங்க. இன்றைய பேச்சு அவங்களைப் பத்தினதுதான்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. செய்தித் துறையில் குடிமக்கள் சேவைகளைப் பற்றி எழுதுகிற ஆள். அதனால் வைத்தியம் சொல்லித்தர வரவில்லை. வைத்தியரிடம் போய்ச் சேரும் வரைக்கும் உள்ள நேரத்தில் நாம என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது என்று மட்டும் பேசப் போறேன். உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் பல நேரம் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் முடிவாகுது.

விஷயம் ரொம்பச் சாதாரணம். வீட்டில் பிறந்தநாள், பண்டிகை என்று சாக்லேட் பெட்டி வருது. மேசை மேல வைக்கிறோம். அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தால் பெட்டி தரையில் கிடக்குது, காகிதம் கிழிஞ்சிருக்கு, நாய் வாலாட்டிக்கிட்டு நிக்குது. பார்க்க நல்லாத்தான் இருக்கு. "சரி, ஒண்ணும் ஆகலை, பார்த்துக்கலாம்" என்று விட்டுடுறோம். அந்தப் "பார்த்துக்கலாம்" என்ற சொல்தான் ஆபத்து. ஏன் என்று சொல்றேன்.

நமக்கு இனிப்பு, அதுக்கு ஏன் விஷம்?

சாக்லேட் கோகோ விதையிலிருந்து வருது. அந்த விதையில் தியோபுரோமின் என்று ஒரு பொருள் இருக்கு, கூடவே கொஞ்சம் காஃபீனும் இருக்கு. கோகோ மரத்துக்குத் தாவரவியலில் வைத்த பெயர் தியோபுரோமா. கிரேக்க மொழியில் "தெய்வங்களின் உணவு" என்று அர்த்தம். அந்தப் பெயரிலிருந்துதான் இந்தப் பொருளுக்கும் பெயர் வந்தது.

நாம சாக்லேட் சாப்பிட்டால் நம்ம கல்லீரல் தியோபுரோமினை வேகமாக உடைச்சு வெளியே அனுப்பிடும். நாயின் உடம்பு அந்த வேலையை ரொம்ப மெதுவாகச் செய்யும். உள்ளே போனதில் பாதி குறையவே சுமார் 17 மணி நேரம் ஆகும். மீதியில் பாதி குறைய இன்னொரு 17 மணி நேரம். அதுவரைக்கும் அந்தப் பொருள் இதயத்தையும் நரம்புகளையும் தூண்டிக்கிட்டே இருக்கும். நாம ஒரே நேரத்தில் இருபது டம்ளர் டிகிரி காபி குடிச்சால் எப்படிப் படபடப்பு வரும்? அது இரண்டு மூன்று நாள் நீடிச்சால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி ஒரு நிலைமை என்று வெச்சுக்கோங்க.

அறிகுறி ஏன் தாமதமாக வருது?

அறிகுறிகள் பெரும்பாலும் தின்ற 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தெரிய வரும். சில நாய்களுக்கு அதற்கு முன்பே தெரியும். மாலை 5 மணிக்குத் தின்ற நாய் 8 மணிக்கு விளையாடிக்கிட்டு இருக்கலாம். நடுராத்திரியில்தான் ஆரம்பிக்கும். அப்போது பக்கத்தில் இருக்கும் கிளினிக் எல்லாம் மூடியிருக்கும்.

முதலில் வாந்தி, பேதி, தண்ணி தண்ணியென்று தாகம், அடிக்கடி சிறுநீர். படுக்காமல் அங்கேயும் இங்கேயும் நடக்கும், மூச்சு இரைக்கும். அப்புறம் இதயம் வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் துடிக்கும், உடம்பு சூடாகும், கை கால் நடுங்கும், நடை தள்ளாடும். அளவு அதிகம் என்றால் வலிப்பு வரும். உயிரும் போகலாம். இந்தப் பாதிப்பு 72 மணி நேரம் வரை நீடிக்கக் கூடும்.

தியோபுரோமினுக்கு மாற்று மருந்து கிடையாது. பாம்புக் கடிக்கு ஊசி இருக்கிற மாதிரி "இதைப் போட்டால் விஷம் முறியும்" என்று எதுவும் இல்லை. ரத்தத்தில் கலக்குறதுக்கு முன்னால் வயிற்றிலிருந்து வெளியே எடுப்பதுதான் சிறந்த வழி. அதுக்கு மருத்துவருக்குக் கிடைக்கிற நல்ல நேரம் முதல் ஒன்றிரண்டு மணி நேரம். சாக்லேட் வயிற்றில் உருகி உருண்டையாக ஒட்டிக்கொள்வதால் அதுக்கு அப்புறமும் சில நேரம் எடுக்க முடியும். ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. நாய் நல்லா இருக்கிற அந்த நேரத்தில்தான் நாம கிளம்பணும்.

மூன்று தகவல், ஒரு அழைப்பு

மருத்துவருக்கு போன் போட்டால் அவர் கேட்கப் போவது மூன்றே விஷயம். அதை இப்பவே மனசில் வெச்சுக்கோங்க.

ஒன்று, நாயின் எடை. உங்களில் எத்தனை பேருக்கு உங்க நாயின் எடை தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம். பாதிப் பேர் கூட இல்லை. வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால் நாயைத் தூக்கிக்கிட்டு நில்லுங்க, அப்புறம் நீங்க மட்டும் நில்லுங்க, கழிச்சுப் பாருங்க. தடுப்பூசி அட்டையில் கடைசியாக எழுதின எடை இருந்தால் அதுவும் போதும். இன்றைக்கே போனில் குறிச்சு வையுங்க.

இரண்டு, என்ன சாக்லேட், எவ்வளவு. மேலுறையைக் குப்பையில் போடாதீங்க. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்க. உறையில் மொத்த எடை கிராமில் இருக்கும். மிச்சம் எவ்வளவு இருக்கு என்று பார்த்துக் கழியுங்க. சரியாகத் தெரியலை என்றால் முழுசும் தின்றது என்றே சொல்லுங்க. குறைச்சுச் சொல்வதைவிட அது பரவாயில்லை. வீட்டில் இரண்டு நாய் இருந்தால், ஒவ்வொன்றும் முழுசையும் தின்றிருக்கலாம் என்றே கணக்கு வையுங்க.

மூன்று, எப்போது தின்றது. நேரில் பார்க்கவில்லை என்றால், கடைசியாகப் பெட்டி முழுசாக இருந்ததைப் பார்த்த நேரத்தைச் சொல்லுங்க.

இந்த மூன்றையும் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். கிடைக்கவில்லை என்றால் அதுக்காகத் தேடிக்கிட்டு நிற்க வேண்டாம். தெரிஞ்சதை வெச்சு முதலில் கூப்பிடுங்க.

அளவு எப்படிப் பார்க்கிறாங்க?

எல்லா சாக்லேட்டும் ஒண்ணு இல்லை. கருப்பாக, கசப்பாக ஆக ஆக ஆபத்து கூடும். தியோபுரோமினும் காஃபீனும் சேர்த்து ஒரு கிராமில் எவ்வளவு என்று தோராயமாகச் சொல்றேன்.

வெள்ளை சாக்லேட்டில் கிட்டத்தட்ட இல்லை.
மில்க் சாக்லேட்டில் 2.3 மில்லிகிராம்.
டார்க் சாக்லேட்டில் 5.5 மில்லிகிராம். 70 சதவீதம், 85 சதவீதம் என்று போட்டிருந்தால் இன்னும் அதிகம்.
இனிப்புச் சேர்க்காத பேக்கிங் சாக்லேட்டில் 15 மில்லிகிராம்.
கேக் செய்யும் கோகோ பொடியில் 28 மில்லிகிராம்.

நாயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி, அமைதியின்மை ஆரம்பிக்கலாம். 40, 50 ஆனால் இதயத்தைப் பாதிக்கும். 60ஐ நெருங்கினால் வலிப்பு வரலாம். அதற்கு மேல் போகப் போக உயிருக்கே ஆபத்து.

இப்போ கணக்குப் போடுவோம். 50 கிராம் மில்க் சாக்லேட் என்றால் சுமார் 115 மில்லிகிராம். 30 கிலோ லேப்ரடார் தின்றால் கிலோவுக்கு 4 கூட வராது. 10 கிலோ நாய்க்கு 11, 12 வரும். அதே சாக்லேட்டை 4 கிலோ பொமரேனியன் தின்றால் 29. ஒரே சாக்லேட்தான், நாய் மட்டும் வேற.

இன்னொன்று பாருங்க. அதே 10 கிலோ நாய் 50 கிராம் டார்க் சாக்லேட் தின்றால் 27 வரும். கோகோ பொடி என்றால் வெறும் 15 கிராம் போதும், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி, 42 வந்துடும். இதயத்தைத் தொடுகிற அளவு. வீட்டில் கேக் செய்ய வாங்கின பொடி டப்பாதான் பெட்டியிலேயே பெரிய ஆபத்து என்று இதிலிருந்து தெரியுது இல்லையா?

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு மருத்துவரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்வதற்கு இல்லை. வயசான நாய், இதய நோய் இருக்கிற நாய், சினையாக இருக்கிற நாய், குட்டி, இவங்களுக்கு எல்லாம் கணக்கு மாறும். கூப்பிட்டுச் சொல்லும்போது அவசரம் எவ்வளவு என்று உங்களுக்கும் புரியட்டும் என்றுதான் சொன்னேன்.

உறையில் இன்னும் என்ன இருக்கு?

சர்க்கரை இல்லாத சாக்லேட் என்றால் உறையைக் கட்டாயம் படியுங்க. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கா என்று பாருங்க. சில உறைகளில் பெயர் இருக்காது, இனிப்பூட்டி 967 என்று எண் மட்டும் இருக்கும். இரண்டும் ஒண்ணுதான். நாய்க்கு இது அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று குறைச்சுடும், கல்லீரலையும் கெடுக்கும். இது சாக்லேட்டைவிட வேகம். இப்படி இருந்தால் போனில் முதல் வாக்கியமே "சைலிட்டால் இருக்கு" என்பதாக இருக்கட்டும்.

உலர் திராட்சை கலந்த சாக்லேட் என்றால் அதையும் சொல்லுங்க. திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஊட்டி, கொடைக்கானல் போய்ட்டு வந்தால் எல்லாரும் வாங்கிட்டு வர்ற ஹோம்மேட் சாக்லேட் இருக்கே, அதில் இரண்டு சிக்கல். எடை போட்டுப் பொட்டலம் கட்டித் தருவதால் கோகோ எவ்வளவு என்று பார்க்க உறையே இருக்காது. பாதியில் திராட்சை, முந்திரி கலந்திருக்கும். நாய் அதைத் தின்றிருந்தால் மிச்சம் இருக்கிற ஒரு துண்டைக் கையோடு மருத்துவரிடம் எடுத்துட்டுப் போங்க. நிறத்தையும் மணத்தையும் வெச்சு அவர் ஓரளவு கணிப்பார்.

சாக்லேட் இல்லாத இடத்திலும் இதே ஆபத்து உண்டு. காபிப் பொடியில் காஃபீன் இருக்கு. பில்டரில் இறக்கின பிறகு மிஞ்சும் காபி மண்டியை ரோஜாச் செடிக்குப் போடுற பழக்கம் நம்ம வீடுகளில் உண்டு. நாய் தோண்டித் தின்னாத மாதிரி மண்ணைப் போட்டு மூடுங்க, இல்லையென்றால் தொட்டியை உயரத்தில் வையுங்க. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ போடுறாங்க. கோகோ விதையின் தோலிலும் தியோபுரோமின் இருக்கு. தோட்டத்து நாய்கள் விதை காய வைக்கிற களத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கணும்.

வீட்டு வைத்தியம் வேண்டாம்

இதைச் சொன்னால் வீட்டில் பெரியவங்களுக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.

உப்புத் தண்ணி ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீங்க. ரத்தத்தில் உப்பு ஏறி மூளை பாதிக்கப்படும். சாக்லேட்டுக்குப் பிழைத்த நாய் உப்புக்குச் சாகலாம்.

தொண்டையில் விரல் விடாதீங்க. வாந்தி வராது, கடிதான் கிடைக்கும்.

பால், மோர், எலுமிச்சைச் சாறு, புளித் தண்ணி, நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் விஷத்தை முறிக்காது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் அது தனி நோய்.

இணையத்தில் தேடினால் ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுங்க என்று வரும். அதில் சொல்வது 3 சதவீதக் கரைசல். நம்ம மருந்துக் கடையில் கிடைப்பது 6 சதவீதமாக இருக்கலாம். அது வயிற்றையும் உணவுக் குழாயையும் புண்ணாக்கிடும். மருத்துவர் உங்க நாயின் எடையைக் கேட்டு, அளவு சொல்லிக் கொடுக்கச் சொன்னால் மட்டும்தான் அதைத் தொடணும்.

மயக்கமாக இருக்கிற நாய், நடுங்குகிற நாய், வலிப்பு வந்த நாய், பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய், இவங்களை வீட்டில் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி மூச்சுக் குழாயில் போய்விடும்.

நம்ம மாத்திரைப் பெட்டியிலிருந்தும் எதுவும் கொடுக்காதீங்க. மனிதருக்கான காய்ச்சல் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் நாய்க்கு வேற மாதிரி வேலை செய்யும்.

யாரைக் கூப்பிடணும்?

முதலில் உங்க நாய்க்கு வழக்கமாகத் தடுப்பூசி போடும் மருத்துவர். நாயைப் பற்றி அவருக்குத்தான் எல்லாம் தெரியும். அடுத்த தடவை போகும்போது, "ராத்திரியில் அவசரம் என்றால் எங்கே போகணும் டாக்டர்?" என்று கேட்டுக் குறிச்சுக்கோங்க. இதை நாய் நல்லா இருக்கிற நாளில் கேட்கணும்.

அடுத்து அரசு கால்நடை மருத்துவ நிலையங்கள். கால்நடை மருந்தகம், மருத்துவமனை, பெருமருத்துவமனை, பன்முக மருத்துவமனை என்று பல நிலைகளில் இருக்கு. மருந்தகங்கள் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் திறந்திருக்கும். உங்க பகுதியில் எது, எத்தனை மணி வரைக்கும் என்று ஒரு தடவை நேரில் போய்ப் பலகையைப் படம் எடுத்துக்கோங்க.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் இருக்கு. சென்னையில் வேப்பேரியில் இருக்கிற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கினது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கல்லூரிகள் இருக்கு. பக்கத்தில் இருப்பவங்க அந்த எண்ணையும், அவசரச் சிகிச்சை நேரத்தையும் கேட்டு வெச்சுக்கணும்.

1962 என்ற கட்டணமில்லா எண்ணைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. அது கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தி எண். முக்கியமாகக் கிராமத்து ஆடு மாடுகளுக்காக ஏற்படுத்தினது. கூப்பிட்டு வழி கேட்கலாம். ஆனால் நகரத்தில், நாயைத் தூக்கிட்டுப் போக வண்டி இருக்கும்போது, ஊர்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தயவு செய்து 108ஐக் கூப்பிடாதீங்க. அது மனிதருக்கு. அந்த நேரத்தில் ஒரு பிரசவமோ விபத்தோ காத்திருக்கலாம்.

போனில் வரைபடத்தில் தேடினால் "24 மணி நேரம்" என்று காட்டும். அதை நம்பிப் பத்து கிலோமீட்டர் போய்ப் பூட்டிய கதவைப் பார்க்க வேண்டாம். கிளம்பும் முன்னால் கூப்பிட்டு, "இப்போ டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்டுட்டுப் போங்க.

போகிற வழியில்

ஆட்டோ என்றால் ஓட்டுநரிடம் முன்பே சொல்லிடுங்க. "அண்ணே, நாய்க்கு உடம்பு சரியில்லை, அவசரம்" என்றால் பெரும்பாலும் வருவாங்க. கீழே விரிக்க ஒரு பழைய துணி எடுத்துக்கோங்க. நாயை ஓட விடாதீங்க, ஏற்கெனவே இதயம் வேகமாகத் துடிக்கும். வெயிலில் வண்டிக்குள் பூட்டி வைக்காதீங்க. ஏறும் முன்னால் ஒரு தடவை சிறுநீர் கழிக்க விடுங்க.

வழியில் வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வைங்க. வாய்க்குள் கை, கரண்டி எதுவும் வைக்காதீங்க. எத்தனை நிமிடம் நீடிக்குது என்று போனில் பாருங்க, முடிந்தால் கூட இருப்பவர் வீடியோ எடுக்கட்டும். அது மருத்துவருக்கு ரொம்ப உதவும்.

பயத்தில் நாய் உங்களையே கடிச்சுட்டால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தை ஓடுகிற தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்க. அப்புறம் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. வெறிநாய்க்கடி தடுப்பூசி அங்கே இலவசம்.

மருத்துவமனையில் என்ன செய்வாங்க?

தெரிஞ்சிருந்தால் பதட்டம் குறையும். நேரத்தோடு போனால் வாந்தி வரவைக்க ஊசி போடுவாங்க. பிறகு மருத்துவக் கரித்தூள் கொடுக்கலாம், குடலில் இருக்கிற விஷத்தை அது பிடிச்சுக்கும். சலைன் ஏற்றுவாங்க. ஈ.சி.ஜி. பார்ப்பாங்க. இதயத் துடிப்பு, நடுக்கம், வலிப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து உண்டு.

அடிக்கடி சிறுநீர் கழிக்க வைப்பாங்க, சில நேரம் குழாய் போடுவாங்க. சிறுநீர்ப்பையில் தேங்கும் தியோபுரோமின் திரும்பவும் ரத்தத்துக்குள் போகும் என்பதுதான் காரணம். வீட்டுக்கு அனுப்பின பிறகும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே கூட்டிட்டுப் போகச் சொன்னால், அதை நடைப்பயிற்சி என்று நினைக்காதீங்க. அதுவும் சிகிச்சைதான்.

குழந்தைகளைத் திட்டாதீங்க

இன்றைக்குச் சொல்ல வந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது இது. நாய்க்குச் சாக்லேட் கொடுப்பது பல வீட்டில் குழந்தைதான். தனக்குப் பிடிச்சதைத் தன் நாய்க்கும் பாசமாகக் கொடுக்குது. நாய்க்கு உடம்பு முடியாமல் போனதும் பயந்து மறைச்சுடுது. "எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லுது. மருத்துவர் பூச்சிக்கொல்லியா, எலி மருந்தா, கெட்டுப்போன சாப்பாடா என்று ஒவ்வொன்றாகத் தேடுறார். அதுக்குள் இரண்டு மணி நேரம் போயிடுது.

அதனால் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் குழந்தைகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. "பாப்பா, சாக்லேட் நாய்க்கு ஆகாது. தெரியாமல் கொடுத்துட்டால் உடனே ஓடி வந்து சொல்லணும். யாரும் அடிக்க மாட்டோம், திட்ட மாட்டோம்" என்று சொல்லுங்க. சொன்னபடி நடந்துக்கோங்க. தாத்தா, பாட்டி, வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, நீங்க ஊருக்குப் போகும்போது நாயைப் பார்த்துக்கிற பக்கத்து வீட்டுக்காரர், எல்லாருக்கும் இதே வார்த்தைதான். உண்மையைச் சொன்னவங்களைத் திட்டினால் அடுத்த தடவை யாரும் சொல்ல மாட்டாங்க.

கூட்டத்தில் கேட்ட சில கேள்விகள்

பேச்சு முடிந்ததும் நிறையப் பேர் கேள்வி கேட்டாங்க. எல்லாருக்கும் பயன்படும் சிலவற்றை இங்கே தருகிறேன்.

ஒரு ஐயா கேட்டது: "எங்க நாய்க்கு நாலு வருஷமா தினமும் ஒரு துண்டு மில்க் சாக்லேட் கொடுக்கிறேன். ஒண்ணும் ஆகலையே தம்பி?"

உங்க நாய் பெரிய நாய் என்று நினைக்கிறேன் ஐயா. அந்தத் துண்டில் இருக்கிற அளவு அதன் எடைக்குக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் சாக்லேட் தனக்கான தின்பண்டம் என்று அது பழகிடுச்சு. நாளைக்குக் கோகோ பொடி டப்பா கிடைச்சால் யோசிக்காமல் தின்னும். கொழுப்பு அதிகமான பண்டம் கணையத்தையும் வீங்க வைக்கும். அதுக்குப் பதிலாக வேக வைச்ச கேரட் துண்டோ, உப்புப் போடாத வேக வைச்ச கோழிக்கறியோ கொடுங்க.

ஒரு அம்மா கேட்டது: "நேத்து மதியம் தின்னுச்சு. இப்ப வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. விட்டுடலாமா?"

சாக்லேட் விஷத்தைப் பொறுத்தவரை அது நல்ல செய்திதாம்மா. இருந்தாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உறையையும் சேர்த்து விழுங்கியிருந்தால் குடலில் அடைக்கலாம். அடுத்த சில நாளில் சாப்பிடாமல் இருந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, மலம் போகாமல் முக்கினாலோ உடனே கூட்டிட்டுப் போங்க.

கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை கேட்டது: "எங்க தெரு நாய்கள் குப்பைத் தொட்டியில் கேக் தின்னுதுங்க. அதுங்களுக்கு எடை எப்படிப் பார்க்கிறது?"

தெரு நாயைத் தூக்கி எடை பார்க்கப் போகாதீங்க. நம்ம ஊரில் நன்கு வளர்ந்த நாட்டு நாய் பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ இருக்கும் என்று வெச்சுக்கலாம். வாந்தி, நடுக்கம் தெரிந்தால் வீடியோ எடுத்து, இடத்தைச் சொல்லி, 1962க்கோ உங்க பகுதி விலங்கு நல அமைப்புக்கோ கூப்பிடுங்க. அதைவிட நல்லது, கொண்டாட்டம் முடிஞ்சதும் மிச்சக் கேக்கையும் சாக்லேட்டையும் பையில் இறுக்கிக் கட்டி, மூடியிருக்கிற தொட்டியில் போடுவது.

இன்னொருவர் கேட்டது: "பூனைக்கும் இப்படித்தானா?"

பூனைக்கும் விஷம்தான். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பதால் தானாகத் தேடித் தின்பது குறைவு. தின்றுவிட்டது என்று தெரிந்தால் இதே வழிதான், உடனே மருத்துவரைக் கூப்பிடணும்.

கடைசியாக ஒருவர் கேட்டது: "இதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வருமா?"

வராதுங்க. பதட்டத்தில் நம்ம சொந்த எண்ணே மறந்துபோகும். அதனால் இப்பவே போனை எடுங்க. "நாய் அவசரம்" என்று ஒரு குறிப்பு தொடங்குங்க. நாயின் எடை, வயசு, ஏற்கெனவே இருக்கிற நோய், உங்க மருத்துவர் எண், ராத்திரி திறந்திருக்கும் மருத்துவமனை எண், 1962. ஆறே வரி. அதை வீட்டுக் குழுவில் அனுப்பிடுங்க, எல்லார் போனிலும் இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் சாக்லேட் பெட்டியையும் கோகோ டப்பாவையும் மேல் அலமாரிக்கு மாற்றி, கதவைச் சாத்திடுங்க.